நூற்றுப் பத்தொன்பதுக்கு உரியவர் யார்?

அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே பெரியவருக்குத் தலை நரைத்தது. விமான நிலையத்துச் சுங்கத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்கிற ஆளின் கழுத்தைப் பார்த்தே பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவார். முகம் நடிக்கும், கழுத்து நடிக்காது என்பது அவர் கட்சி. வேலை ஓய்ந்த பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. மனைவி காய் வாங்கி வந்தால் அந்தப் பையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். தெருவில் அவருக்கு ‘செக்போஸ்ட்’ என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவருக்கு வருத்தமில்லை. சோதனைச் சாவடி இல்லாத ஊர் உருப்பட்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

கை சுத்தமான குடும்பம் என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தச் சொல்லைத்தான் அவர் அப்பா அவருக்கு விட்டுப் போனார். வேறு சொத்து கிடையாது. அதை ஒரு கீறல் விழாமல் மகனிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவருக்கு மிச்சமிருந்த கவலை.

அப்படியிருக்கையில்தான் ஒருநாள் காலையில், டீயை ஆற்றிக்கொண்டே மகன் சொன்னான்.

"அப்பா, எங்க ஆய்வுக்கூடத்துல ஒரு புதுத் தனிமம் கிடைச்சிருக்கு போலிருக்கு. நான்தான் அந்தக் குழுவுக்குத் தலைவன்."

‘போலிருக்கு’ என்ற சொல்லைப் பெரியவர் காதில் வாங்கவில்லை. தனிமம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இரும்பு, தங்கம், கந்தகம் என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் கட்டம் கட்டமாகத் தொங்குமே, அந்தக் கட்டங்களில் ஒன்று. அதில் ஒரு கட்டம் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"பேரு என்ன?" என்றார்.

"இன்னும் பேரு இல்லப்பா. இப்போதைக்கு உன்உன்என்னியம்."

"பேரு இல்லன்னு சொல்லிட்டு ஒரு பேரைச் சொல்ற."

"அது தற்காலிகப் பேரு. எண்ணைத்தான் அப்படிச் சொல்றது. ஒண்ணுன்னா உன், ஒன்பதுன்னா என். இது நூத்திப் பத்தொன்பதாவது தனிமம். ஒண்ணு, ஒண்ணு, ஒன்பது. உன், உன், என். கடைசில ஒரு இயம் சேத்துக்கணும். அவ்ளோதான்."

பெரியவரின் மனைவி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "உன்னுது, உன்னுதுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுக் கடைசில என்னுதுன்னு முடிக்குது. உங்க பெரியப்பா பிள்ளைங்க பாகம் பிரிச்ச மாதிரியே இருக்கு."

பெரியவர் சிரிக்கவில்லை. "யாரு வச்ச பேரு இது?"

"யாரும் வைக்கலப்பா. எண் தெரிஞ்சா பேரு தானா வந்துடும். நாங்க தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இருந்த பேருதான். கண்டுபிடிச்சது நாங்கதான்னு எல்லா நாட்டுக்காரங்களும் சோதிச்சு ஒத்துக்கிட்டா, அப்புறம் நல்ல பேரா ஒண்ணு நாங்களே சொல்லலாம்."

"ஒத்துக்கலன்னா?"

"உண்மையாவே கண்டுபிடிக்கிறவன் வர்ற வரைக்கும் அந்தப் பேரு அப்படியே கிடக்கும்."

அதைப் பெரியவர் உடனே புரிந்துகொண்டார். விமான நிலையத்தில் உரியவர் இல்லாத பெட்டி வந்தால் ஓர் எண் எழுதிச் சீட்டுக் கட்டி அறையில் வைப்பார்கள். என்னுடையது என்று யார் வந்து நின்றாலும் எடுத்த எடுப்பில் கொடுத்துவிட மாட்டார்கள். பெரிய இடத்து மனிதரின் மைத்துனர் ஒருவர் ஒரு பெட்டிக்கு உரிமை கேட்டு வந்து, பூட்டுக்குச் சாவி இல்லாமல் விழித்தபோது, மேலிடத்துத் தொலைபேசி மூன்று திசையிலிருந்தும் அலறியும் பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை. அந்தக் கதையை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

எண் சீட்டுக் கட்டிய பெட்டி என்றால் அதைத் தூக்கிப்போக ஒருவன் எங்காவது நின்றுகொண்டுதான் இருப்பான். பெரியவரின் பார்வை மேசையைச் சுற்றி வந்தது. மருமகள் பழத்தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவளும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். கணவன் இவ்வளவு பெரிய சேதி சொல்கிறான், அவள் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கழுத்து மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

பெரியவர் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே தம் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அக்காவிடம் ஒரு சேதியைச் சொன்னால் போதும், பங்காளி முதல் பகையாளி வரை ஒருவர் விடாமல் போய்ச் சேர்ந்துவிடும். குடும்பத்தில் அவளுக்கு ‘வானொலி நிலையம்’ என்று பெயர். "நம்ம பையன் ஒரு தனிமத்தைக் கண்டுபிடிச்சுட்டான்க்கா. பூமி இருக்கிற வரைக்கும் நிக்கிற பேரு" என்றார். வரவேண்டிய வாழ்த்தெல்லாம் வந்தது. அதோடு நிற்காமல் எழுத்துப் பொறிப்பவரிடம் சொல்லி ஒரு பித்தளைப் பலகை செய்யவைத்து, அந்தத் தனிமத்தின் குறியீடான மூன்று ஆங்கில எழுத்துகளை வாசல் தூணில் திருகாணி போட்டுப் பொருத்தினார். நல்ல பெயர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். வீடு வாடகைக்கா என்று ஒருவர் மணியடித்துக் கேட்டார்.

பலகையைப் பார்த்த மகன் முகம் மலரவில்லை. "இதெல்லாம் எதுக்குப்பா இப்போ?" என்று மட்டும் சொன்னான். மருமகள் அதைப் பார்க்காமலே உள்ளே போனாள். பெரியவர் அதையும் குறித்துக்கொண்டார்.

தெருமுனை வீட்டில் ‘பம்ப்காரர்’ குடியிருந்தார். ஆய்வுக்கூடத்துக் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பவர். நடைப்பயிற்சியின்போது பெரியவர் அவரோடு சேர்ந்துகொண்டார்.

"என்ன, எங்க பையன் வேலை எப்படிப் போகுது?"

"நின்னு போச்சே ஐயா. உங்களுக்குத் தெரியாதா?"

"நின்னு போச்சா? யாரு நிறுத்துனா?"

பம்ப்காரர் ஒரு கணம் தயங்கினார். "உங்க வீட்டு ஆளுதான். உங்க மருமக. அந்தத் தகடு செய்யுற அறையைப் பூட்டி, தேஞ்சுபோன தகடு, புதுத் தகடு எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டாங்க. அவங்க சொல்ற வரைக்கும் யாரும் எதையும் வெளியில அனுப்பக் கூடாதாம். என் பம்பு சும்மா ஓடிக்கிட்டுக் கிடக்கு."

தகடு என்றால் என்னவென்று மகன் ஒருமுறை சொல்லியிருந்தான். ஒரு பக்கத்திலிருந்து அணுக்களைத் தோட்டா மாதிரி விரட்டி, வெங்காயத்தோலைவிட மெல்லிய உலோகத் தகட்டின் மேல் மோதவிடுவார்கள். எப்போதாவது இரண்டு அணு ஒட்டிக்கொண்டால் புதுத் தனிமம். அந்தத் தகடுகளைச் செய்கிற பிரிவில்தான் மருமகளுக்கு வேலை. தகடு அவள் கையில். அவள் மனம் வைத்தால் எல்லாம் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர் மனைவியிடம் சொன்னார். "வேலியே பயிரை மேயுது."

"எந்த வேலி, எந்தப் பயிர்?"

"உன் மருமக. பையன் கண்டுபிடிச்சதை மேல போகவிடாமத் தடுத்து வச்சிருக்கா. பின்னாடி அவ அப்பன் இருக்கான்."

"உங்களுக்கு யாரைப் பாத்தாலும் பெட்டியோட வந்தவங்களாத்தான் தெரியும்" என்றாள் மனைவி. "அவளுக்குக் கொஞ்ச நாளா சோறே இறங்கல. அது கண்ணுல படலையா?"

"கடத்தல்காரனுக்கும்தான் சோறு இறங்காது" என்றார் பெரியவர்.

சம்பந்தி மேல் அவருக்கிருந்த சந்தேகத்துக்கு வயது அதிகம். சம்பந்தி ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர். வாய் ஓயாத மனிதர். கல்யாணத்தன்று சபை நடுவே, "சம்பந்தி, என் பொண்ணு பெட்டி படுக்கையோட வர்றா. திறந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டார். மண்டபமே சிரித்தது. அந்த நேரம் பெரியவரின் பார்வை உண்மையாகவே பெட்டிகள் மேல்தான் இருந்தது என்பதால் அது இன்னும் ஆழமாகக் குத்தியது. ஆள் வேதியியல் படித்தவர். அவர் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய அந்தக் கட்டங்களில் ஒன்றைத் தன் பெண் பெயரில் சேர்க்க ஆசை வராதா?

முன்பெல்லாம் நல்லநாள் பெரியநாளுக்கு வந்துபோன சம்பந்தி இப்போது அடிக்கடி வரத் தொடங்கினார். வந்தால் நேரே மொட்டைமாடிக்கு, மகளோடு. பெரியவர் படியேறினால் பேச்சு வானிலைக்கு மாறும். "வெயில் அதிகம், இல்லையா சம்பந்தி?" என்பார். மப்பும் மந்தாரமுமாக இருக்கிற நாளில்.

ஒரு மத்தியானம் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். ஒட்டுக்கேட்பது அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். இது ஒட்டுக்கேட்பது அல்ல, சோதனை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். நடுப்படியில் நின்றபோது மருமகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அறிக்கை என் பேர்லதான் போகணும்ப்பா. அவர் பேரு அதுல வரக் கூடாது."

"மாப்பிள்ளை ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டார். அதான் பயமா இருக்கு. மாமாவுக்குத் தெரிஞ்சா அதைவிடப் பயம்."

பெரியவர் மேலே ஏறவில்லை. வந்த வழியே இறங்கினார். வாழ்நாள் முழுக்க ஊரான் பெட்டியைச் சோதித்தவன் வீட்டிலேயே கள்ளச் சாவி போடுகிறார்கள். இதை இப்படியே விட்டால் நாளைக்குச் சொந்தபந்தம் என்ன பேசும்? பையன் கண்டுபிடித்தான், பெண்டாட்டி பிடுங்கிக்கொண்டாள், அப்பன்காரன் வாசலில் பலகையை மாட்டிவிட்டு வாய் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பேசும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தியைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சம்பந்தி அம்மாள் தம் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் சம்பந்தி மட்டும் வந்தார். பெரியவர் தாமாகவே அழைத்ததில் சம்பந்திக்கு ஒரு மிரட்சி இருந்தது. வழக்கமான சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை பெரியவர் வாய் திறக்கவில்லை. பசியோடு இருக்கிற ஆளை விசாரிக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். கையைக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தார்.

"அம்மா" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். "நான் வேலை பாத்த இடத்துல எல்லாரையும் முதல்ல ஒரு கேள்வி கேப்போம். அதைத்தான் உன்கிட்டயும் கேக்குறேன். சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?"

மருமகள் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கணவனை.

"அப்பா, அது வந்து..." என்று மகன் எழுந்தான்.

"உன்னைக் கேக்கல. உக்காரு."

"உண்டு மாமா" என்றாள் மருமகள்.

பெரியவர் எதிர்பார்த்தது இது அல்ல. உண்டு என்று முதல் கேள்வியிலேயே சொன்னவர்களை அவர் தம் வேலையில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவளுடைய கழுத்தைப் பார்த்தார். அது இப்போது இறுகவில்லை.

"நூத்திப் பத்தொன்பது கிடைக்கவே இல்ல மாமா" என்றாள். "தப்பு என் கையிலதான். தகட்டைக் காய வைக்கிற தட்டு ஒண்ணு. அதுல முன்னாடி வேற ஒரு வேலைக்காக ஈயத் தகடு செஞ்சிருந்தோம். நான்தான் கழுவுனேன். நல்லாக் கழுவிட்டதா நெனச்சேன். ஒரு துளி ஈயம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அந்த ஈயத்து மேல அணு மோதுனா வேற ஒரு பழைய தனிமம் உண்டாகும். அது சிதையும்போது விடுற குறி, நாங்க தேடுன குறி மாதிரியே கருவியில விழும். அதைப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாந்துட்டோம். தேஞ்ச தகட்டைச் சோதிச்சுப் பாத்தேன். ஈயம் இருந்துச்சு. அதான் எல்லாத்தையும் நிறுத்தி வச்சேன்."

பெரியவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அப்போ உன் பேர்ல போகணும்னு சொன்னது..."

சம்பந்தி நிமிர்ந்தார். "படிக்கட்டுல செருப்பு கிடந்தப்பவே நெனச்சேன்."

"தப்புன்னு எழுதுற அறிக்கை மாமா" என்றாள் மருமகள். "அது என் பேர்லதான் போகணும். தட்டைக் கழுவுனவ நான். அவர் பேரு எதுக்கு?"

"குழுத் தலைவன் நான்" என்றான் மகன். "சரிபாக்காம கையெழுத்துப் போட்டவன் நான். என் பேர்லதான் போகணும்."

"இதைத்தான் ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றார் சம்பந்தி. "ஊர்ல எல்லாரும் பேரு எடுக்கச் சண்டை போடுவாங்க. இவங்க கெட்ட பேரு எடுக்கச் சண்டை போடுறாங்க. பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் முட்டி தேஞ்சு போச்சு, உங்க மாடிப்படி ஏறியே."

"அது ஆய்வுக்கூடத்துப் பஞ்சாயத்து. என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?" என்றார் பெரியவர்.

மனைவிதான் சொன்னாள், பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே. "வாசல்ல பலகை மாட்டி வச்சா எப்படிச் சொல்லுவாங்க?"

மகன் தரையைப் பார்த்துப் பேசினான். "அப்பா, ஒரு வழி இருக்கு. எங்க ஆய்வுக்கூடத்து இயக்குநரே சொல்றார். தப்புன்னு அறிக்கை விட வேண்டாம். இன்னும் உறுதியாகலன்னு சொல்லி அப்படியே விட்டுடலாம். அந்தக் கட்டத்துல தற்காலிகப் பேரு எப்படியும் இருக்கும். யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க. உங்க பலகையையும் கழட்ட வேண்டியதில்ல. அத்தை கேட்டா, இன்னும் பேரு வைக்கலன்னு சொல்லலாம். பொய்யும் இல்ல."

பெரியவர் வாசல் பக்கம் திரும்பினார். திறந்திருந்த கதவு வழியே தூணும் அதில் பளபளக்கிற பித்தளையும் தெரிந்தன. மகன் சொன்னது நடக்கக்கூடியதுதான். தாம் கண்ணை மூடும் வரை பலகை அங்கேயே இருக்கும். வாழ்த்துச் சொன்ன ஒருவரும் திரும்ப வந்து கேட்கப் போவதில்லை.

சாவி இல்லாமல் பெட்டிக்கு வந்து நின்ற அந்த மைத்துனர் நினைவுக்கு வந்தார். நல்ல சட்டை, வாசனைத் தைலம், சிரித்த முகம். "பெட்டி இங்கயே இருக்கட்டும் சார். என்னுதுன்னு மட்டும் எழுதி வையுங்க, பிறகு பாத்துக்கலாம்" என்றார் அவர். எழுதவில்லை பெரியவர். இப்போது அதே பேச்சைத் தம் மகன் பேசுகிறான். யாருக்காகப் பேசுகிறான் என்று யோசித்தபோது சுருக்கென்றது. தமக்காக. தம்முடைய தூணுக்காக. குடும்பத்தில் ஒரு பொய்ச்சீட்டு ஒட்டப்படுகிறது என்றால் அதற்குப் பசை தடவிக் கொடுத்தவர் அவரேதான்.

"இது யாரு யோசனை? இயக்குநரோடதா, உன்னோடதா?" என்று மகனைக் கேட்டார்.

"அவர் சொன்னார். நான் வேண்டாம்னு சொல்லல."

"நீ என்னம்மா சொன்ன?"

"முடியாதுன்னு சொல்லிட்டேன் மாமா. அதான் வீட்டுல பேச்சு வார்த்தை சரியில்ல."

பெரியவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தானே பெட்டியைத் திறந்து காட்டுகிற பயணியை அவர் ஒருநாளும் நிற்க வைத்ததில்லை. சாக்கட்டியால் பெட்டி மேல் ஒரு கோடு கிழித்து, போகலாம் என்று கையைக் காட்டிவிடுவார். இன்று கையில் சாக்கட்டி இல்லை. "உக்காரும்மா, ஏன் நிக்கிற?" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தொலைபேசியை எடுத்து அக்காவை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி மேசை மேல் வைத்தார்.

"என்னடா, பேரு வச்சாச்சா?" என்றது வானொலி நிலையம்.

"இல்லக்கா. நான் சொன்னது தப்பு. பையன் எதையும் கண்டுபிடிக்கல. பாத்ததுல பிழை ஆயிடுச்சு. நாளைக்கு அவங்களே எழுதி அனுப்புறாங்க."

"அடப்பாவி. நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே. சரி விடு, நான் மெதுவா ரெண்டு மூணு பேருகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."

"வேண்டாம். நல்ல சேதியை எந்தச் சத்தத்துல சொன்னியோ, அதே சத்தத்துல இதையும் சொல்லு. ஒருத்தரை விடாதே."

"யாரு செஞ்ச பிழைடா? அந்தப் பொண்ணா?"

மகன் வாயெடுத்தான். மருமகளும் வாயெடுத்தாள். பெரியவர் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார்.

"எங்க வீட்டுப் பிழை" என்றார்.

"அது புரியுது. யாருன்னு கேக்குறேன்."

"வீட்டுக்குன்னு ஒரு பேரு இருக்குல்லக்கா? அது பேர்ல எழுதிக்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு, மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ரெண்டு பேர் பேரும் போடுங்க. கழுவுனவளும் கையெழுத்துப் போட்டவனும். அந்த இயக்குநர் என் வரிசையில வந்து நின்னிருந்தா அவர் பெட்டியைத்தான் முதல்ல திறந்திருப்பேன்."

"அவர் நல்லவர்தான்ப்பா."

"நல்லவரா இருக்கட்டும். நான் திறந்து பாத்திருப்பேன்."

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெரியவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அது அவருக்குப் புதிது.

அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மகன் பின்னாலேயே ஓடிவந்தான். "குடுங்கப்பா, நான் கழட்டுறேன்."

"மாட்டுனவன் நான்."

பலகை உயரத்தில் இருந்தது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்த உயரம். சம்பந்தி முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தூணருகே போட்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகியது. பெரியவர் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"ஏறுங்க சம்பந்தி, நான் பிடிச்சுக்கிறேன்."

பெரியவர் ஒரு காலை முக்காலி மேல் வைத்தார். மறுகாலை எடுக்குமுன் குனிந்து சம்பந்தியின் கழுத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, நம்பிக்கை இல்லையா?"

"கெட்டியாப் பிடிங்க" என்றார் பெரியவர். "எதுக்கும் பையன் அந்தப் பக்கம் ஒரு கை பிடிக்கட்டும்."